பெரியம்மாவின் முகத்தைத் திருத்திய டப்லெட்

கொக்குவிலில் என் வீட்டு முன்னறையில் இருந்தபடி உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒன்லைனில் இரசாயனம் படிப்பிக்கிறேன். கரும்பலகைக்குப் பதிலாக என்னிடம் இருப்பது ஒரு டப்லெட். அதன் கண்ணாடியில் பேனா போன்ற குச்சியால் எழுதினால் பிள்ளைகளின் திரையில் தெரியும். ஆறு வருடங்களாக அதில்தான் பென்சீன் வளையம் கீறுகிறேன். மூலையில் ஒரு வெடிப்பு, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் பற்றரி, இவற்றைத் தவிர அதில் எனக்கு ஒரு குறையும் தெரிந்ததில்லை.

போன வருடம் ஒரு நாள், இந்தக் கருவிக்கு இனிப் புதிய மென்பொருள் வராது என்று அதே திரையில் ஒரு அறிவித்தல் வந்தது. அதற்குப் பின்னாலேயே புதிய மொடலின் விளம்பரமும் வந்தது. அன்று பிடித்தது சனி. மூன்று வாரம், சமைக்கும்போதும் சாப்பிடும்போதும், அந்த மொடலைப் பற்றி ஆட்கள் போடும் வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் பெட்டியைத் திறந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை மெதுவாக உரித்து, கண்ணை மூடி முனகினார். இன்னொருவர் போன வருடத்து மொடலைச் செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். புதியது அரை மில்லிமீற்றர் மெல்லியதாம். அரை மில்லிமீற்றர் மெலிந்து யார் என்ன கண்டார்கள்? அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அடுத்த வீடியோவை அமத்தினேன். என் பழைய டப்லெட்டைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அது முன்பைவிடப் பாரமாக இருப்பதுபோலத் தோன்றத் தொடங்கியது.

யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு கடைக்கும் போனேன். என்னுடையதை மேசையில் வைத்ததும் விற்பனைக்கு நின்றவர் சிரித்தார்.

"அன்ரி, உதையோ இன்னும் வைச்சிருக்கிறியள்? உது மியூசியத்துக்குப் போக வேண்டிய சாமான்."

"புதுசிலை எழுதிறது எப்பிடி இருக்கும்?" என்று கேட்டேன்.

"பேனா தனிய வாங்க வேணும். இப்ப ஸ்ரொக்கிலை இல்லை. நீங்கள் கமராவைப் பாருங்கோ, கமராதான் இதிலை விசேஷம்."

கால்மணி நேரம் கமராவைப் பற்றியே கதைத்தார். சுண்ணாம்புக் கட்டி வாங்கப் போனவளுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி விற்கப் பார்க்கிறார் என்று எரிச்சலோடு திரும்பி வந்தேன். வாங்குவதா விடுவதா என்று முடிவெடுக்க முடியவில்லை.

அந்தக் கிழமைதான் மானிப்பாயில் என் பெரியம்மா இறந்துபோனார். அம்மாவின் மூத்த சகோதரி. நாற்பது வருடம் தாதியாக வேலை செய்தவர். அவருடைய ஒரே மகன் ரொறன்ரோவில் இருக்கிறார், எனக்கு அண்ணை முறை. அவர் வந்து சேரும்வரை உடலை வைத்திருந்தோம்.

அண்ணை வந்த அன்று சாப்பாட்டு மேசையில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே, அதே புதிய மொடல் கிடந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. மண்டபத்தில் பெரியம்மா பெட்டிக்குள் கிடக்கிறார், என் கண் மேசைக்குத்தான் போனது.

"அண்ணை, ஒருக்கா எழுதிப் பாக்கட்டோ?"

"எழுதன். அதுக்கென்ன."

ஒரு பென்சீன் வளையம் கீறினேன். பேனா வழுக்கிக்கொண்டு போனது. செத்த வீட்டில் நின்று, வாங்கத்தான் வேண்டும் என்று மனதுக்குள் தீர்மானித்தேன்.

மறுநாள் காலை போதகர் வந்ததும் அண்ணை டப்லெட்டை என் கையில் தந்தார். "நான் அம்மாவுக்குப் பக்கத்திலை நிக்க வேணும். நீ இதைப் பிடி, பிள்ளை. சொந்தக்காரர் எல்லாரும் லைவிலை பாத்துக்கொண்டிருக்கினம்."

பெட்டியின் கால்மாட்டில் நின்று பிடித்தேன். திரையின் அடியில் சின்னச் சின்னக் கட்டங்களில் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் முகங்கள். ஒருவர் படுத்தபடி பார்த்தார். ஒருவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். போதகர் ஜெபத்தைத் தொடங்க, லண்டனில் இருக்கும் சித்தியின் குரல் கேட்டது.

"பிள்ளை, முகத்துக்குக் கிட்டக் கொண்டு போ. அக்காவின்ரை முகத்தைப் பாக்க வேணும்."

விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். நல்ல கூர்மை, பழசில் இப்படி வராது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் கண்டேன், திரையில் இருந்த முகத்தில் தழும்பு இல்லை.

பெரியம்மாவின் இடது காதடியிலிருந்து வாயின் மூலைவரை ஒரு தழும்பு உண்டு. சண்டைக் காலத்தில் வார்ட்டில் நின்றபோது ஷெல் துண்டு கிழித்தது. காயப்பட்டு வந்த மற்றவர்களுக்கெல்லாம் மருந்து கட்டி முடித்த பிறகுதான் தன்னுடையதைத் தைக்கவிட்டாராம். அதனால் அது கோணலாக ஆறியது. ஓய்வுபெற்றபோது ஸ்ரூடியோக்காரர் படத்தில் அந்தத் தழும்பை அழித்துக் கொடுக்க, "இது ஆர்? எனக்கு இந்த ஆளைத் தெரியாது" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர் அவர்.

நிமிர்ந்து பெட்டியைப் பார்த்தேன். தழும்பு அங்கே இருந்தது. திரையைப் பார்த்தேன். இல்லை. சுருக்கங்களும் இல்லை. செத்த கன்னத்தில் இலேசான ரோஸ் நிறம், உதட்டில் ஒரு ஈரம். கட்டங்களுக்கு மேலாகச் சிவப்பு இதயங்கள் மிதந்து போயின.

"அக்கா எவ்வளவு வடிவாக் கிடக்கிறா," என்று சித்தி விம்மினார். "குமர்ப்பிள்ளை மாதிரி."

நான் நகர்ந்து பக்கத்தில் போனேன். அண்ணையின் காதுக்குள் சொன்னேன். "அண்ணை, இது பெரியம்மாவின்ரை தழும்பை அழிச்சுப்போட்டுது."

அவர் திரையைப் பார்த்தார், தாயைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "உது கமரா தானாச் செய்யிறது. விடு."

"தானாச் செய்தால் சரியே?"

"இப்ப உது கதைக்கிற நேரமே?" என்றார். அவருடைய கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கமராவைப் போதகரின் பக்கம் திருப்பினேன். பிறகு பாடுகிறவர்களைக் காட்டினேன், யன்னலைக் காட்டினேன். "முகத்தைக் காட்டு பிள்ளை, முகத்தைக் காட்டு" என்று குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. சத்தத்தைக் குறைத்துவிட்டேன். பெட்டியை மூடும்வரை மறுபடி ஒரு முறைகூட முகத்தைக் காட்டவில்லை. ஆரடா அது, யன்னலைக் காட்டிக்கொண்டு நிண்டது என்று பின்னேரம் பாரிஸிலிருந்து யாரோ அண்ணையை ஏசினார்களாம்.

மூன்றாம் நாள் அண்ணை என்னைக் கூப்பிட்டார். நன்றி சொல்லி அனுப்பும் நினைவு அட்டைக்குப் படம் ஆயத்தம் என்றார்.

"இதைப் பார். ஒரு பட்டன்தான் அமத்தினனான், மிச்சம் எல்லாம் அது தானாச் செய்தது."

லைவில் இருந்து எடுத்த முகம்தான் அது. கண்கள் திறந்திருந்தன. பெரியம்மாவின் கண்கள் அல்ல. யாருடையதோ பெரிய, பளபளத்த கண்கள். வாய் கொஞ்சம் விரிந்து பற்கள் தெரிந்தன. பெரியம்மாவுக்கு மேல்வரிசையில் அப்படிப் பற்களே இல்லை. டப்லெட்டை மேசையில் வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தேன்.

"அண்ணை, இதைப் போடாதையுங்கோ. ஆல்பத்திலை எத்தினை படம் கிடக்கு."

"அதெல்லாம் பழசு. எனக்கு இப்பத்தை முகம் வேணும்."

"இது இப்பத்தை முகமே?"

அவர் திரையைத் தொட்டபடி சொன்னார். "நான் அம்மாவின்ரை கண்ணை நேரிலை பாத்து பதினொரு வருசம். வந்து பாக்கேக்கை மூடிக் கிடந்தது. அவ்வளவுதான்."

அவரை அருவருக்க என்னால் முடியவில்லை. மேசையில் கிடந்து இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்த அந்தப் பொருளை அருவருக்க முடிந்தது.

போகும்போது அதை என்னிடம் நீட்டினார். "இதை நீ வைச்சிரு. படிப்பிக்க உதவும். நான் அங்கை வேறை எடுப்பன்."

சும்மா வருகிறது. எழுதிப் பார்த்து ஆசைப்பட்டது. ஒரு கணம் கை நீண்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிறகு, "வேண்டாம் அண்ணை, எனக்கு என்ரை பழசே காணும்," என்றேன். அவருக்குக் கோபம். விமானநிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறும்வரை என்னோடு கதைக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு திருத்துமிடத்தில் என் டப்லெட்டுக்குப் பற்றரி மாற்றினேன். இன்னும் இரண்டு வருடம் ஓடும் என்றார் அங்கே இருந்தவர். அதற்குப் பிறகு என்ன செய்வேனோ தெரியாது. பிள்ளைகளுக்குப் படிப்பித்தாக வேண்டும், எதையோ வாங்கத்தான் வேண்டிவரும். வாங்கினாலும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாங்குவேன்.

நினைவு அட்டை அந்தத் திறந்த கண்களோடுதான் அச்சாகி வந்தது. வேலையால் லைவைப் பார்க்க முடியாமல் போன, ஒஸ்லோவில் இருக்கும் மாமி ஒருவர், தனக்கு வந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னோடு போனில் கதைத்தார்.

"நல்ல வடிவான படம். எவ்வளவு சந்தோஷமாச் சிரிக்கிறா. எப்ப எடுத்தது?"

"பெட்டிக்குள்ளை கிடக்கேக்கை, மாமி."

மாமி போனை வைத்துவிட்டார்.