அக்கா போட்ட பத்து நட்சத்திரம்

சைதாப்பேட்டை மார்க்கெட்டில் நான் மீன் வாங்கும் அக்காவுக்கு ஒரே மகன். அவன் இயக்கிய முதல் படம் வெளிவரும் முன்பே விபத்தில் போய்விட்டான். படம் வந்த காலையிலேயே, அதன் நாயகனைப் பிடிக்காத கூட்டம், படங்களுக்குப் பத்துக்கு மார்க் போடும் இணையதளத்தில் ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளியது.

அக்கா எப்போதும் ஈரக்கையை முந்தானையில் அழுத்தித் துடைத்த பிறகே போனைத் தொடுவார். அன்றும் அப்படித் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"பத்து நட்சத்திரம் போட்டுக்கீறேன் நைனா. மார்க்கு இன்னாத்துக்கு ஏறவே மாட்டேங்குது?"

"நிறைய படத்துக்குப் போட்டவங்க ஓட்டுக்குத்தான்க்கா அதுல மதிப்பு ஜாஸ்தி. நீங்க இது ஒண்ணுக்குத்தானே போட்டிருக்கீங்க? சொந்தக்காரங்க யாரோன்னு ஒதுக்கிடும்."

"பெத்தவதானே நைனா," என்றார்.

படம் எப்படி இருந்தது என்று கேட்டுவைத்தேன்.

"அவன் பேரு வந்திச்சு பாரு, அதுவரைக்கும்தான் பாத்தேன். அப்பால கண்ணே தெர்ல. எய்ந்து வந்துட்டேன்."

குனிந்து என் சங்கரா மீனுக்குச் செதில் எடுக்கத் தொடங்கினார்.

பார்க்காமலே மார்க்கைக் குறைத்தவர்கள் நிறைய படங்களுக்குப் போட்டுப் பழகியவர்கள். அவர்கள் ஓட்டு கணக்கில் நின்றது. அக்காவும் படத்தை முழுதாகப் பார்க்கவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் அந்தப் பத்து நட்சத்திரத்துக்கு என்ன மதிப்பு என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது.