அணைய மறுத்த கம்ப்யூட்டர்

கடையில் என் அக்காவுக்கு 'ஒவ்வொண்ணா' என்று பெயர். நாங்கள் வேலை செய்வது கண்ணாடிக் கடை. கண் பரிசோதிக்க உட்கார்ந்தவர் அவசரப்பட்டால், "ஒவ்வொண்ணா பாக்கலாம். வீட்ல அடுப்பா எரியுது?" என்பாள். ஒரு தடவைக்கு ஒரு லென்ஸைத்தான் மாற்றுவாள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது உதவியது என்று கடவுளுக்கே தெரியாது என்பது அவள் கட்சி. நான் முன்பக்கம் ஃபிரேம் விற்கிறவள். எனக்கு அத்தனை பொறுமை கிடையாது.

பின்னறையில் லென்ஸ் வெட்டும் மெஷின். அதை ஓட்டுவது பதினாறு வருடப் பழைய கம்ப்யூட்டர். வாடிக்கையாளர்களின் கண் அளவுகளும் அதற்குள்தான். சில மாதங்களாகக் கடை அடைக்கும் நேரத்தில் அது அணைய மறுத்தது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் அக்கா பொத்தானை அழுத்திப் பிடித்து அதன் மூச்சை நிறுத்துவாள். ஒருநாள் காலையில் திறந்தால், பன்னிரண்டு பேருடைய அளவுகளைக் காணோம்.

முதலாளி கம்ப்யூட்டர்காரரை வரவழைத்தார். அவர் மதியம் நான்கு முறை அணைத்தார். நான்கு முறையும் சமர்த்தாக அணைந்தது. மாலையில் அக்கா அணைத்தாள், வட்டம்தான் சுற்றியது.

"வயசாயிடுச்சு சார். சில நேரம் கேக்கும், சில நேரம் கேக்காது. தூக்கிப் போட்டுடுங்க," என்றார். புதிய கம்ப்யூட்டரோடு இந்தப் பழைய மெஷின் சேராதாம்.

"அப்போ மெஷினும் வேண்டாம். லென்ஸை வெளியே குடுத்து வெட்டிக்கலாம். சனிக்கிழமை வரைக்கும் பாப்போம்," என்றார் முதலாளி.

கண் பரிசோதிக்க முதலாளியின் மருமகளும் இருக்கிறார். மெஷின் போனால் அக்காவின் வேலையும் போகும்.

"வயசாயிடுச்சாமே! எனக்கும்தான் அம்பத்தொண்ணு. என்னையும் தூக்கிப் போடுவாரா?" என்று பொரிந்தாள் அக்கா. பிறகு முந்தானையை இழுத்துச் செருகினாள். "விடு. ஒவ்வொண்ணா பாத்துடறேன்."

திங்களன்று இன்டர்நெட் வயரைப் பிடுங்கினாள். செவ்வாயன்று ஸ்கேனரை. புதனன்று வைரஸ் தடுக்கும் புரோகிராமை நிறுத்தினாள். வியாழனன்று பெட்டியைத் திறந்து தூசி ஊதினாள். தும்மல் என்னவோ எனக்குத்தான் வந்தது. வெள்ளியன்று மவுஸையே மாற்றினாள். எதற்கும் அது மசியவில்லை. அவளோ நோட்டில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே, "இது இல்லைன்னு தெரிஞ்சுது இல்ல?" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை மாலை கடை அடைக்கும் நேரம். என்னால் முடியவில்லை.

"எல்லாத்தையும் கழட்டியாச்சு. மிச்சம் இருக்கறது நீ ஒருத்திதான்!"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அக்கா கோபப்படவில்லை. எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"சரி, என்னையும் கழட்டிப் பாப்போம். நீ அணை."

அணைத்தேன். ஒன்பதே விநாடி. திரை இருண்டது, விசிறி நின்றது.

இருவரும் பேயறைந்த மாதிரி நின்றோம். அக்கா அதை மறுபடி போட்டாள். "இப்போ நான். என் கையைப் பாரு."

பார்த்தேன். அணைப்பதற்கு முன் அவள் வலது கை மவுஸைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோய் எதையோ அழுத்தியது. பிறகு அணைத்தாள், பழையபடி வட்டம் சுற்றியது.

"அக்கா, நடுவுல என்ன அமுக்கினே?"

"நான் எங்க அமுக்கினேன்?" என்றாள். நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

அது மறுநாள் வேலைப் பட்டியலை அச்சடிக்கும் பொத்தான். பின்னறைப் பிரின்டர் ஐந்து மாதத்துக்கு முன்பே உடைந்து குப்பைக்குப் போயிற்று. இப்போது பட்டியலை முன்பக்கத்தில் நான்தான் அச்சடிக்கிறேன். ஆனால் பதினாறு வருடம் மாலைதோறும் அழுத்திய கைக்கு அதை யார் சொல்வது? கை அழுத்தியது. இல்லாத பிரின்டருக்காக லென்ஸ் புரோகிராம் காத்துக் கிடந்தது, கம்ப்யூட்டரையும் அணைய விடவில்லை.

அக்காவின் முகம் வாடிவிட்டது. "அந்தப் பன்னண்டு பேரோட அளவைத் தொலைச்சது நானா?"

"பிரின்டர் மேல பழியைப் போடு. அது வந்து சாட்சியா சொல்லப் போகுது?" என்றேன். அதற்குள் முதலாளியே உள்ளே வந்துவிட்டார்.

அக்கா நிமிர்ந்து நின்றாள். "கண்டுபிடிச்சுட்டேன் சார். கோளாறு என் கையிலதான்." ஒன்று விடாமல் சொன்னாள். "அந்தப் பன்னண்டு பேரையும் வரச் சொல்லி நானே மறுபடி அளவெடுத்துடறேன்."

முதலாளி அவளைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "நீங்க வர வேண்டாம்," என்றார் கம்ப்யூட்டர்காரரிடம். "எங்க ஆள் சரி பண்ணிட்டாங்க."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா நோட்டை எடுத்து, 'மவுஸ்' என்று அடித்திருந்த வரிக்குக் கீழே 'நான்' என்று எழுதி ஒரு வட்டம் போட்டாள்.

திங்கட்கிழமை மாலை எட்டிப் பார்த்தேன். வலது கையின் மேல் உட்கார்ந்துகொண்டு, இடது கையால் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருந்தாள்.