ஸ்டெல்லா சிஸ்டர் கேட்டு வாங்கிய மிச்ச மாத்திரைகள்

ஸ்டெல்லா சிஸ்டர் இறந்துவிட்டார். இன்று காலை பட்டாபிராமிலிருந்து போன் வந்தது...

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கத்து கிளினிக்கில் நர்ஸாக இருந்தவர். தொண்ணூறுகளில் அங்கே வளர்ந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். அவரைப் பற்றிய புரளியும் தெரிந்திருக்கும்.

நோயாளி இறந்த வீட்டில் காரியம் முடிந்ததும் சிஸ்டர் வருவார். ஆறுதலாக இரண்டு வார்த்தை. பிறகு மிச்சம் இருக்கும் மாத்திரை, சிரப் எல்லாவற்றையும் கேட்பார்.

எதற்கு? பூந்தமல்லியில் ஏதோ கடைக்கு விற்கிறார் என்றார்கள் குழாயடியில். அவரே முழுங்குகிறார் என்றும் சொன்னார்கள்.

நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. லைப்ரரியில் இருந்த துப்பறியும் கதைகளையெல்லாம் முடித்துவிட்டு, நிஜக் குற்றவாளி ஒருவருக்காகக் காத்திருந்தவள்.

அந்த வருடம் பெரியப்பா புற்றுநோயில் எங்கள் வீட்டில் இறந்தார். மாதக்கணக்கில் அவரைத் தூக்கி, புரட்டி, துடைத்துப் பார்த்துக்கொண்டது அம்மாதான்.

சிஸ்டர் வந்து கேட்டார். அம்மா ஒரு கவரை நீட்டினாள். சிஸ்டர் கவருக்குள் பார்த்தார், பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தார்... கொஞ்சம் அதிக நேரம்.

பின்னாலேயே போனேன்.

கிளினிக்கின் பின்பக்கம், துவைக்கிற கல்லருகே உட்கார்ந்து, காப்ஸ்யூல்களைத் திறந்து ஈரமான பழைய டீத்தூளில் கொட்டிப் பிசைந்துகொண்டிருந்தார். சாப்பிடத்தான் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"இன்னா பாப்பா, வேவு பாக்கிறியா? வந்து இந்தக் கவரப் புடி."

பிசைந்ததைக் கவரில் கட்டிக் குப்பையில் போட்டார். முழுசாகப் போட்டால் குழந்தை தின்றுவிடும், பொறுக்கி விற்கவும் ஆள் இருக்கிறது என்றார். அபின் வகை வலி மருந்தாம். பெரியப்பாவுக்கு அது தேவைப்பட்டது, மற்றவரைப் பிடித்துக்கொண்டால் லேசில் விடாது என்றார்.

பிறகு குரல் தாழ்ந்தது. "டாக்டர் எய்தினது எவ்ளோன்னு எனக்குத் தெரியும். உங்க ஊட்லேந்து வந்தது கொறையுது. யாரு துன்றாங்க?"

எங்கள் வீட்டையா சந்தேகப்படுகிறார்? தலைவலி, பல்வலி என்று கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் அம்மா கொடுத்திருக்கிறாள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆனால் வீட்டுக்குள் நுழைந்தபோது என் கண் மாறியிருந்தது. பால் பொங்கி வழிந்துகொண்டிருக்க, அடுப்பின் முன் அம்மா நின்றபடியே தூங்கினாள். அலுப்பு என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம்...

தேடினேன். அரிசி டப்பாவுக்குள் அட்டை அட்டையாகக் காப்ஸ்யூல்.

சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்லத் தைரியமில்லை.

அதன் பிறகு தினமும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒயர் கூடை பின்னக் கற்றுக்கொள்வதாக அப்பாவிடம் சாக்கு. அம்மாவை டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மீதியைத் தன்னிடமே வைத்துக்கொண்டார்.

ஒருநாள் அம்மா வியர்த்து நடுங்கி, "திருடி... என் மாத்திரையத் திருடிட்டா" என்று கத்தினாள். வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

நான் வாயைத் திறக்கப் போனேன். சிஸ்டர் என்னைக் கண்ணாலேயே அடக்கினார்.

"ஆமா, நான்தான் எட்த்தேன். இன்னா இப்போ? போய் அவங்கவங்க வேலயப் பாருங்க."

அம்மா மீண்டுவிட்டாள். சிஸ்டர் பேரில் இருந்த புரளி ஊர் கண்ணில் உண்மையாகிவிட்டது. கடைசி வரை அந்தப் பெயரோடுதான் எங்கள் தெருக்களில் நடந்தார்.

இந்தப் பதிவில் முதலில் "யாரோ ஒரு பெண்" என்றுதான் எழுதியிருந்தேன். அம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது நிறுத்தச் சொன்னாள்.

"யாரோன்னு எதுக்குப் போடுற? அம்மான்னு போடு. அவங்க திருடல, நான்தான் சாப்பிட்டேன்னு போடு."

போட்டுவிட்டேன், சிஸ்டர். நிம்மதியாகப் போங்கள்.