மாஸ்டரம்மாவுக்கு வந்த சந்தேகம்

தையல் பட்டறையில் தனக்கு எதிராக ஏதோ நடக்கிறது என்று துணி வெட்டும் மாஸ்டரம்மாவுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. வெட்டு மேசையில் கத்தரிக்கோல் வைத்த இடத்தில் இருப்பதில்லை. சாக்பீஸ் காணாமல் போகிறது. உடம்பு திடீரென்று தணலாய்க் கொதித்து வியர்வை ஊற்றும்போது, எந்த மகராசி ஃபேனை அணைத்தாள் என்று நிமிர்ந்து பார்ப்பாள். அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆள் யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காரும் பெண்தான், வேறு யார்? கொஞ்ச நாளாக வெட்டவும் பழகிக்கொண்டிருந்தாள். வாய்க்கு வாய் "அக்கா, அக்கா" வேறு. மேசை காலியானால் அடுத்து அவளுக்குத்தான். தனக்கு வயசு நாற்பதுதான் ஆகிறது. பாதி ஆயுசு நின்று சம்பாதித்த மேசையை அதற்குள் தூக்கிக் கொடுத்துவிடுவாளா மாஸ்டரம்மா?

அந்தச் சமயத்தில்தான் கோட்டு ஆர்டர் வந்தது. கோட்டுக்குக் கை வெட்டும்போது துணியை நல்ல பக்கமும் நல்ல பக்கமும் ஒட்டுகிற மாதிரி விரிக்க வேண்டும். அப்போதுதான் ஒரே அட்டையை வைத்து வெட்டினாலும் இடதும் வலதும் ஜோடியாக விழும். தொழிலுக்கு வந்த புதிதில் படிக்கிற பாடம் இது. மாஸ்டரம்மா வெட்டிய கட்டைப் பிரித்தால், அடக் கடவுளே, அத்தனையும் இடது கை!

முதலாளி கத்தவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மேசையை வேற ஆள்கிட்ட கொடுக்க வேண்டியதுதாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கத்தித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

சாப்பிடப் போன நேரத்தில் ஓவர்லாக்காரி துணியைத் திருப்பிப் போட்டிருக்கிறாள், அவ்வளவுதான் விஷயம். மறுநாள் மாஸ்டரம்மா விரித்த துணியின் ஒரு மூலையில் பொடிசாக ஒரு கோடு கிழித்துவிட்டுச் சாப்பிடப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் கோட்டைக் காணோம். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று!

"இங்க போட்ட கோடு எங்கடி? துணியைத் திருப்பினது நீதானே?"

மெஷின்கள் எல்லாம் நின்றுபோயின. அந்தப் பெண் எழுந்து வந்து எதிர்மூலையைத் தொட்டுக் காட்டினாள்.

"இங்க இருக்குக்கா. நீங்க போடறப்ப நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். துணியை யாரும் தொடல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காலையிலேர்ந்து ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பச் சொல்றீங்க. எனக்குப் பயமா இருக்குக்கா. டாக்டரைப் பாருங்க."

மாஸ்டரம்மா குனிந்து பார்த்தாள், கோடு அங்கேதான் இருந்தது. எதிரி என்று ஒருத்தி இருந்தவரை தைரியமாக இருந்தாள். எதிரி இல்லையென்றால் கோளாறு தன் தலைக்குள் அல்லவா இருக்கிறது?

அன்று ராத்திரி "எனக்குப் பைத்தியம் பிடிக்குதா?" என்று வீட்டுக்காரரைக் கேட்டு அழுதாள்; "வயசாயிடுச்சு, அதான்" என்றார். அப்புறம் அவரோடு டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா நாலு வருஷத்துக்கு முன்னால் கர்ப்பப்பை எடுத்த ஆபரேஷனைப் பற்றி விசாரித்தார், ஸ்கேன் எடுத்தார்.

"கர்ப்பப்பையோட ரெண்டு சினைப்பையையும் எடுத்திருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"கர்ப்பப்பை மட்டும்னுதானே சொன்னாங்க!"

"ஐம்பது வயசுல மாதவிலக்கு நிக்கறப்ப மெதுவா வர வேண்டிய மாற்றம் உங்களுக்கு முப்பத்தாறுலயே ஒரேயடியா வந்துடுச்சும்மா. சிலருக்கு அது தூக்கம், ஞாபகம், எலும்புன்னு எல்லாத்தையும் தொடும். உங்களுக்குப் பைத்தியமெல்லாம் இல்ல. ஹார்மோன் மருந்து அப்பவே ஆரம்பிச்சிருக்கணும். டெஸ்ட் பண்ணிட்டு இப்ப கொடுக்கறேன். தூக்கம் தேறும். ஞாபகம் எவ்வளவு தேறும்னு இப்பவே சொல்ல முடியாது."

வீட்டுக்காரர் தலை நிமிரவே இல்லை. அதைப் பார்த்ததும் மாஸ்டரம்மாவுக்குச் சுருக்கென்றது. வெளியே வந்ததும் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும், இல்ல?"

"நீ மயக்கத்துல இருந்தே. சினைப்பையிலயும் கட்டி இருக்கு, எடுத்துடலாமான்னு கேட்டாங்க. சரின்னேன். சொன்னா நீ மனசொடிஞ்சு போயிடுவேன்னுதான்..."

"எனக்குப் பைத்தியம் பிடிக்குதான்னு உங்களைக் கேட்டு அழுதேனே, அன்னிக்காவது சொல்லியிருக்கலாமே? வயசாயிடுச்சுன்னீங்க. நம்பினேன். அந்தப் பொண்ணு மேல எல்லாம் பழி போட்டேனே, பாவி! உங்க மேல ஒரு நாள் சந்தேகப்படலையே!"

அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு காத்திருந்தார். அவள் ஏறவில்லை. அழுகையும் ஆத்திரமுமாக நடந்தே பட்டறைக்குப் போனாள். துணியை விரித்தாள். கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஓவர்லாக் மெஷின் பக்கம் திரும்பினாள்.

"நல்ல பக்கம் சரியா இருக்கா, வந்து பாரும்மா. நீ பார்த்துச் சொன்னாத்தான் வெட்டுவேன்."