புண் இருந்தது இடது காலில்

சூளகிரி பின்னால் போய்விட்டது. கிருஷ்ணகிரி ரோட்டில் புளியமர நிழலாகப் பார்த்து நடந்துகொண்டிருந்தேன். லாரிகள் நிற்கவில்லை, நானும் கை காட்டவில்லை. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் ஒரு மாற்று வேட்டியும் போர்வையும். பல இடங்களை விட்டு இப்படி நடந்தவன்தான் நான். கல் உடைத்த இடத்திலிருந்து நடந்திருக்கிறேன், மாமா வீட்டிலிருந்து நடந்திருக்கிறேன், ஆறாம் வகுப்பிலிருந்தும் அப்படித்தான். அங்கெல்லாம் நானாகக் கிளம்பினேன். இந்த முறை போகச் சொன்னார்கள்.

நான் வேலை பார்த்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய முதியோர் இல்லம். அக்கம்பக்கத்து ஊர்களில் அதைக் ‘கெழவங்க மடம்’ என்பார்கள். யாருமற்றவர்களும், யாராவது இருந்தும் கொண்டுவந்து விடப்பட்டவர்களும் ஒரே நீளக் கூடத்தில் வரிசையாகப் படுத்திருந்தார்கள். படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, மலம் அள்ளுவது என் வேலை. சோறும் தூங்க இடமும் இருந்தது. எனக்கு அது போதும் என்றிருந்தது.

நான் சேர்ந்த கொஞ்ச நாளில் கூடத்தில் சிலருக்குப் புண் ஆறாமல் நின்றது. பென்சிலின் ஊசி போட்டார்கள், கேட்கவில்லை. பெங்களூரிலிருந்து வாராவாரம் வரும் டாக்டர் சீழைப் பஞ்சில் தொட்டு எடுத்துப்போய்ப் பரிசோதித்துவிட்டு வந்தார். இந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்காத ஜாதி, ஊசியை நம்பிப் பயனில்லை, பரவாமல் தடுப்பது ஒன்றுதான் வழி என்றார். அது காற்றில் பறந்து வருவதைவிட நம் கையிலும் துண்டிலும் தண்ணீரிலும் போவதுதான் அதிகமாம். புண்காரர்களைத் தனியறையில் வைக்க வேண்டும். அவர்களுக்கென்று ஒரே ஆள். அந்த ஆள் கூடத்துக்குள்ளும் சமையலறைக்குள்ளும் கால் வைக்கக்கூடாது. அந்த அறைத் தட்டும் துண்டும் தொட்டியும் வெளியே போகக்கூடாது. ஒருவரைத் தொட்டால் அடுத்தவரைத் தொடுமுன் கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவ வேண்டும்.

அந்த ஒரே ஆள் யார் என்று இல்லத்தின் தலைமைக் கன்னியாஸ்திரீ மதர் கேட்டபோது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வீடு வாசல் இருக்கிறவர்கள் அவர்கள். நான் சரி என்றேன்.

பின்கட்டு அறையில் மூன்று பேரோடு இருந்தேன். கூடத்து வேலைக்கார ஆயா சோற்றைப் படியில் வைத்துவிட்டுத் தட்டுவாள், அவள் போனபிறகு எடுத்துக்கொள்வேன். கூடத்தில் புதிதாக யாருக்கும் புண் வரவில்லை. மூவரில் ஒருவர் இறந்துபோனார், ஒருவர் நினைவில்லாமல் கிடந்தார். பேச்சுக்கு இருந்தவர் மத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். நிலம் வைத்திருந்தவர், ஞானஸ்நானம் பெற்ற வேதக்காரர். மகன்கள் நிலத்தைப் பங்கு பிரித்துக்கொண்டு அப்பனை மட்டும் பிரிக்க முடியாமல் இங்கே விட்டிருந்தார்கள். இடது குதிகாலில் அவருக்குப் புண். அதைத் தினமும் இரண்டு வேளை கழுவிக் கட்டுவேன்.

“டேய் ஆறாங்கிளாசு, எம்பசங்க மூணு பேரும் பத்தாவது படிச்சவனுங்க. ஒருத்தன் எங்காலத் தொட்டதில்ல” என்பார். நான் சோப்புப் போடுவதைப் பார்த்து, “போதும்டா, கைரேகை போயிரும். அப்புறம் எந்த ஜோசியக்காரன் உனக்குப் பொண்ணு பாத்துத் தருவான்” என்று கேலி செய்வார். வெகுகாலம் கழித்து எனக்கு ஒரு வீடு கிடைத்ததுபோல் இருந்தது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழன் வந்தது. அன்று பூசை வைக்கும் சாமியார், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், பன்னிரண்டு ஆண்களை உட்கார வைத்துப் பாதம் கழுவுவார். நடந்து வந்து உட்காரக்கூடிய கிழவர்கள் அந்த வருஷம் பதினோரு பேர்தான் தேறினார்கள். மதர் பின்கட்டுக்கு வந்து வாசலுக்கு வெளியே நின்றபடி, பெரியவரை அனுப்பு என்றார். டாக்டர் சொன்னதை நான் சொன்னேன்.

“சாமியார் வலது காலைத்தான் கழுவுவார். புண்ணு இடது கால்லதானே இருக்குது? நல்லா மூடிக் கட்டிக் கூட்டிட்டு வா.”

வேறு யாரையாவது உட்கார வைக்கலாமே என்றேன். அதற்குள் பெரியவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். சாமியார் தன் காலைத் தொடுவார் என்றதும் அவர் முகமே மாறிவிட்டது. கெடுத்துவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். புண்ணுக்கு மருந்து வைத்து, பஞ்சு வைத்து, மேலே தண்ணீர் புகாத ஆயில் கிளாத் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கூடத்துக்குள் நான் போகக்கூடாது என்பதால் வாசலில் ஆயாவிடம் அவரை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினேன்.

பூசை முடிந்து அவர் வந்தபோது கட்டு ஈரமாக இருந்தது. முடிச்சும் என் முடிச்சு அல்ல. மறுநாள் சோறு வைக்க வந்த ஆயாவைக் கேட்டேன். அவள் தெலுங்குக்காரி, மறைக்கவும் இல்லை.

“அழுக்குக் கால சாமியாரு முன்னாடி நீட்டச் சொல்றியா நைனா? பன்னெண்டு பேருக்கும் முன்னாடியே சுடுதண்ணி வெச்சு, நாரு போட்டு ரெண்டு காலையும் தேச்சு உட்டேன். அவரு மட்டும் கட்டோட உக்காந்தா நல்லா இருக்குமா? அவுத்துக் கழுவிக் கட்டிட்டேன்.”

ஒரே தொட்டியா என்று கேட்டேன். ஒரே தொட்டி, ஒரே நார், துடைக்க ஒரே துண்டு. மதர்தான் அப்படிச் செய்யச் சொன்னாராம். பாதம் கழுவும் சடங்குக்கு முன்னால் பாதத்தைக் கழுவிவிடுவது அங்கே வருஷா வருஷம் நடக்கிற மரியாதை. சாமியார் தன் கையால் ஊற்றிய சொம்புத் தண்ணீரில் ஒரு தோஷமும் இருந்திருக்காது.

மதரிடம் போய்ச் சொன்னேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார், நீ பயத்தைக் கிளப்பாதே என்றார்.

கிழவர்களின் குதிகால் எல்லாம் பித்தவெடிப்பு. ஈஸ்டர் கழிந்து ஒருவருக்கு வெடிப்பில் சீழ் வைத்தது, பிறகு பக்கத்துக் கட்டில்காரருக்கு. ஓசூரில் பாரவண்டி ஓட்டிய ஒருவருக்குக் கால் தொடைவரை வீங்கிக் காய்ச்சல் கண்டது. ஊசிக்குக் கேட்காமலே அவர் இறந்துபோனார்.

டாக்டர் வந்தார். நான் அவர் கத்தி ஒருநாளும் கேட்டதில்லை, அன்றும் கத்தவில்லை. பின்கட்டு வாசலில் மதரும் ஆயாவும் நிற்க, கட்டிலில் பெரியவர் இருக்க, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: இந்த அறையிலிருந்து இவரை வெளியே கொண்டுபோனது யார்?

மதர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்றார். ஆயா என்னைக் காட்டி, “இந்தப் பையன்தான் கொண்டாந்து உட்டான்” என்றாள். தொட்டியைப் பற்றி மூச்சு விடவில்லை. மதர் சொல்லித்தான் கொண்டுபோனேன் என்றேன். தொட்டி, நார், துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் மதரைப் பார்த்தார். மதர், நான் அப்படி எதுவும் சொன்னதாக நினைவில்லை என்றார். டாக்டர் பெரியவர் பக்கம் திரும்பினார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. மதர் சொன்னதைக் கேட்டவர் அவர். கட்டை அவிழ்த்துத் தொட்டியில் கழுவியது அவர் காலைத்தான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

பெரியவர் தன் காலையே பார்த்துக்கொண்டு சொன்னார். “சாமியார்கிட்ட போவணும்னு நான்தாங்க ஆசப்பட்டேன். அவன் கூட்டிக்கினு போனான். மதர் ஒண்ணும் சொல்லலீங்க.”

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டார். விதியை மீறும் ஆள் இந்த வேலைக்கு ஆகமாட்டான் என்று மதரிடம் சொல்லிவிட்டு வண்டியேறினார். அவர் போன பிறகு, உனக்காக ஜெபிக்கிறேன் என்றார் மதர்.

போர்வையைச் சுருட்டும்போது பெரியவர் என்னைக் கூப்பிட்டார்.

“நீ எங்கியும் பொழச்சுக்குவ. என்னை வெளிய தள்ளிட்டா நான் எங்கடா போவேன்?”

“என்னைக் கேட்டிருந்தா நானே அப்பிடிச் சொல்லியிருப்பேன். கேக்காமச் சொல்லிட்டீங்க.”

பெரியவர் இடது காலைச் சற்று முன்னால் நீட்டினார். கட்டு மாற்றும் நேரம் அது. நான் கட்டவில்லை. புது ஆள் வருவான் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டு ஓரமாகப் படுத்தேன். விடிந்ததும் ஒரு ஓட்டலில் தட்டுக் கழுவ ஆள் கேட்டார்கள். முதலாளி கையைக் காட்டு என்றார். கார்பாலிக் சோப்பில் ஊறி ஊறி என் விரல்கள் வெளுத்து, தோல் உரிந்து, இடுக்கெல்லாம் வெடித்திருந்தன.

“என்னப்பா, தோல் வியாதியா? நீ தட்டக் கழுவுனா அதுக்கப்புறம் எவன் சாப்புடுவான் இங்க?”

சோப்பு என்றேன். இவ்வளவு சோப்புப் போடுகிற அளவுக்கு அப்படி என்ன வேலை பார்த்தாய் என்றார். மடத்தின் பேரைச் சொன்னால் அங்கே ஆளனுப்பிக் கேட்பார். என்ன பதில் வரும் என்று தெரியும். பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

மாங்காய் வரத்து தொடங்கியிருந்த சமயம். மண்டியில் மேஸ்திரி பாரம் ஏற்ற ஆள் எடுத்துக்கொண்டிருந்தார். எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கவில்லை. என் தோளை மட்டும் ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டு, லாரிப் பக்கம் போகச் சொன்னார். முதல் கூடையைத் தூக்கும்போது மாங்காய்க் காம்புப் பால் விரல் வெடிப்புகளில் இறங்கி எரிந்தது. பின்னால் நின்றவன் தெலுங்கில் ஏதோ சொல்லி அவசரப்படுத்தினான். கூடையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு லாரியில் சாய்த்திருந்த பலகையில் ஏறினேன்.