வண்டி சூடேறட்டும்

அன்று காலை வாசலில் இருந்தது மூன்று பேர்: அப்பா, அம்மா, நான். இல்லாதது அக்காவும் மாமாவும். அக்கா வீட்டுக்காரரைத்தான் மாமா என்கிறேன். இருவரும் முந்தின நாளே கௌதள்ளிக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். எங்கள் காரின் டூப்ளிகேட் சாவியும் மாமாவின் சட்டைப்பையில் அவர்களோடு போயிருந்தது. காலைவரை அதை யாரும் ஒரு பொருட்டாக நினைக்கவில்லை.

கார் நானும் மாமாவும் சேர்ந்து வாங்கியது. எங்களுக்கு முன்னால் இரண்டு கை மாறிய பெட்ரோல் கார். வாங்கிய வாரமே அம்மா வெள்ளைத் துணியில் சீட்டுகளுக்கு உறை தைத்துப் போட்டுவிட்டாள். அவள் கார்மெண்ட்ஸில் செக்கிங் மேஜையில் நிற்பவள். தைத்து வரும் சட்டைகளில் விட்டுப்போன நூல், விலகிய தையல் இதையெல்லாம் பார்த்து ஒதுக்குவது வேலை. வலது கண்ணில் புரை வந்ததிலிருந்து பிசகிய சட்டைகள் அவள் கையைத் தாண்டிப் போக ஆரம்பித்தன. இந்த மாதத்துக்குள் கண்ணைச் சரிபண்ணிக்கொண்டு வராவிட்டால் மேஜைக்கு வேறு ஆள் போட்டுவிடுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அலைந்து திரிந்து வாங்கிய ஆபரேஷன் நாள் அது. எட்டு மணிக்குள் போய்ச் சொட்டு மருந்து போட ஆரம்பிக்க வேண்டும். வெளியூரிலிருந்து வரும் டாக்டர் மத்தியானமே கிளம்பிவிடுவார். விட்டால் அடுத்த மாதம்தான்.

ஏழு மணிக்கே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆஸ்பத்திரி ஃபைலைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, "கெளம்பலாமா?" என்றேன்.

"இரு. வண்டி சூடேறட்டும்" என்றார் அப்பா.

இது எங்கள் வீட்டில் தினமும் நடக்கிற சண்டை. அப்பா கட்டட வேலையில் மிக்ஸர் மிஷின் ஓட்டுகிறவர். டீசல் இஞ்சின். காலையில் கைப்பிடி போட்டுக் கிளப்பி, ஒரு பீடி முடியும்வரை சும்மா ஓடவிட்டுத்தான் ஜல்லி கொட்டச் சொல்வார். காருக்கும் அதே மரியாதை. எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான். டிப்ளமோ படித்து ஒரு தொழிற்சாலையில் இருக்கிறேன். காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டைவரை படித்தவனும் நான் ஒருவன்தான். இந்த மாதிரி இஞ்சினுக்கு அரை நிமிடம் போதும், பிறகு சூடேறும்வரை மிரட்டாமல் மெல்ல ஓட்டினால் சரி என்று அதில் இருக்கிறது. நின்ற இடத்தில் ஓடவிட்டால் பெட்ரோல்தான் வீண்.

"பொஸ்தகம் எழுதுனவன் இந்தக் குளிர்ல நம்ம அக்ரஹாரத்துல வண்டி எடுத்தானாடா?" என்பார் அப்பா. அதற்கு என்னிடம் பதில் இருந்தது. அதைக் கேட்க அவர் ஒருநாளும் நின்றதில்லை.

அம்மா இந்த விஷயத்தில் எப்போதும் அப்பா கட்சி. இஞ்சின் சூடேறுகிற நேரம் அவளுக்குப் பூஜை நேரம். நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் வண்டிக்குக் கற்பூரம் காட்டி, ஆரத்தித் தண்ணீர் சுற்றித் தெளிப்பாள். அப்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது. ஓடுகிற இஞ்சினை நடுவில் நிறுத்தவும் கூடாது. அன்று அப்பா வண்டியைக் கிளப்பினார். சிவப்புத் தண்ணீர் வெள்ளை உறையில் படக் கூடாதென்று, எப்போதும் இறங்கியிருக்கும் டிரைவர் பக்கத்துக் கண்ணாடியையும் ஏற்றினார். இறங்கிக் கதவைச் சாத்தினார்.

அம்மா கற்பூரத்தை இரண்டாவது சுற்றுக் காட்டும்போது காருக்குள் டொக்கென்று ஒரு சத்தம். நாலு கதவும் பூட்டிக்கொண்டன.

முன்னால் வைத்திருந்தவர் யாரோ மாட்டிவிட்ட சென்டர் லாக். இஞ்சின் ஓடும்போது கதவெல்லாம் சாத்தியிருந்தால் கொஞ்ச நேரத்தில் தானாகப் பூட்டும். தெரிந்த சங்கதிதான். எப்போதும் யாராவது உள்ளே இருப்போம், இல்லாவிட்டால் கண்ணாடி இறங்கியிருக்கும். இன்று சாவி உள்ளே தொங்குகிறது, ஃபைல் உள்ளே கிடக்கிறது, வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

மாமாவுக்குப் போன் போட்டேன். "சாவி எங்கிட்டத்தான் இருக்குது. இப்பவே பஸ் ஏறுனாலும் வந்துசேர மத்தியானமாயிருமேப்பா" என்றார். தெருமுனையில் சாவி போடுகிறவரின் ஷட்டருக்கு ஓடி, அதில் எழுதியிருந்த நம்பருக்கு அடித்தேன். பத்து மணிக்குத்தான் வருவேன் என்றது ஒரு தூக்கக் குரல். திரும்பி ஓடி வந்தால், அப்பா கொடிக் கம்பியை வளைத்துக் கண்ணாடி இடுக்கில் விட்டுக் குடைந்துகொண்டிருந்தார். ஸ்கூட்டரில் போன ஒருவர் நிறுத்தி ஸ்டீல் ஸ்கேல் விடச் சொன்னார். இன்னொருவர் ஸ்கேல் ஆகாது, கயிறு விடுங்கள் என்றார். இருவரும் தங்களுக்குள் வாதாட ஆரம்பித்து எங்களை மறந்துவிட்டார்கள்.

எதிர்வீட்டுப் பூக்கடைக்காரம்மா கூடையோடு வெளியே வந்து, "ஏன் அண்ணா, காடி இன்னூ பிசி ஆகில்வா?" என்று அப்பாவைக் கன்னடத்தில் கேட்டாள். வண்டி இன்னும் சூடாகலையா என்று. அப்பா கம்பியை இன்னும் வேகமாகக் குடைந்தார்.

"ஆட்டோல போயிரலாம்மா" என்றேன்.

"ஃபைலு? சீட்டு, ஸ்கேனு, கார்டு எல்லாம் அதுக்குள்ளதான கெடக்குது. வெறுங்கையோட போனா ஒள்ள விடுவாங்களா?"

எனக்குக் கால் நிலைகொள்ளவில்லை. காரைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பின்கதவு ஓரத்தில், திறக்காத சின்ன முக்கோணக் கண்ணாடி கண்ணில் பட்டது. "இத ஒடைச்சிரலாம். சின்னது, செலவு கம்மி. கைய விட்டுக் கொக்கிய எடுத்தர்லாம்."

"பொட்டு வச்ச வண்டியவா?" அப்பா கம்பியைக் கீழே போட்டார். "கண்ணு ஆப்பரேசனுக்குப் போற அன்னைக்குக் கண்ணாடிய ஒடைக்கச் சொல்ற. படிச்சவன் பேசற பேச்சா இது?"

"அரை நிமிசத்துல எடுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காதுங்கப்பா."

"ஆமா, என்னாலதான். சொல்லு, நல்லாச் சொல்லு."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அம்மா தட்டைப் படியில் வைத்தாள். கற்பூரம் அணைந்து கறுத்திருந்தது. "சண்டைய சாயங்காலம் வச்சுக்குங்க" என்றாள். "பூசை முடிஞ்சுருச்சு. சாமி ஒண்ணும் சொல்லாது. நீங்க ஒடைங்க."

அப்பா அவளைப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் வேலைப் பையிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து, தோள் துண்டைச் சுற்றினார். முதல் அடி பயந்து அடித்த அடி, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதில் கண்ணாடி பொரி மாதிரி உதிர்ந்து சீட்டில் கொட்டியது. அப்பா கையை விட்டார், எட்டவில்லை. என் கை எட்டியது. கதவு திறந்தபோது இஞ்சின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் நின்றிருந்தது.

"இப்பக் கெளம்பு. சூடாத்தான் இருக்குது" என்றார் அப்பா. சிரிப்பதா கோபப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

லைசென்ஸ் வாங்கிய பிறகு நான் அவசரமாக வண்டி ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு சிக்னலிலும் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தேன். அப்பா பின்னால் கண்ணாடித் துண்டுகளை ஒதுக்கி உட்கார்ந்து, குளிர்காற்று அம்மாமேல் படாமல் ஓட்டையைத் துண்டால் பிடித்துக்கொண்டு வந்தார். அம்மா ஃபைலை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். மெல்லப் போ என்றுகூடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எட்டு தாண்டி வெகுநேரமாகியிருந்தது. "இஷ்டொத்தா பரோது?" என்று நர்ஸ் சிடுசிடுத்தார். வருகிற நேரமா இது என்றுதான் அர்த்தம். என் கன்னடம் அம்மாவுடையதைவிட நல்ல கன்னடம், ஆனால் எதைச் சொன்னாலும் சாக்குப் போலத்தான் கேட்டது. அம்மா முந்திக்கொண்டு நடந்ததை நடந்தபடி சொன்னாள். கற்பூரம், டொக்கென்ற சத்தம், சுத்தியல் எல்லாம். நர்ஸ் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டு வந்தார். "கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். டாக்டருக்கு நேரமிருந்தால் உண்டு" என்று சொல்லி, சொட்டு மருந்து பாட்டிலைத் திறந்தார்.

அந்த வராண்டாவில் நான் உட்காரவே இல்லை. ஒவ்வொருவராக உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தேன். அப்பா இரண்டு தடவை டீ வாங்கிவந்து, இரண்டு தடவையும் ஆறவிட்டார். பெஞ்சு காலியாகி அம்மா மட்டும் மிஞ்சினாள். மேலே இருந்த கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க நான் பழகிக்கொண்டிருந்தபோது அவளைக் கூப்பிட்டார்கள்.

மாதக் கடைசியில், வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மேஜை அவளுடையதாகவே இருந்தது. முதல் நாள் முடிந்து வந்து, "நூலெல்லாம் இவ்வளவு தடியாவா இருக்குது" என்றாள்.

கண்ணாடி போட நானும் அப்பாவும் காரைக் கொண்டுபோனோம். கடைக்காரர் ஓட்டையைப் பார்த்துத் தலையாட்டினார். கதவின் பெரிய கண்ணாடியை உடைத்திருந்தால் பாதி விலையில் அன்றைக்கே போட்டிருப்பாராம். இந்தச் சின்னது ஒட்டவைக்கிற கண்ணாடி, பெங்களூரிலிருந்து வரவேண்டும், கூலியும் அதிகம். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சென்டர் லாக்கையும் கழற்றிவிடுங்கள் என்று மட்டும் கடைக்காரரிடம் சொன்னார். இரண்டுக்கும் சேர்த்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய் ஆயிற்று.