இராமர் பாதத்தில் என் கூஜாத் தண்ணீர்

இராமேசுவரத்தில் அதைக் கந்தமாதன பர்வதம் என்றார்கள். மலைக்கோட்டையைத் தினமும் பார்த்த கண்ணுக்கு அது வெறும் மணல்மேடு. இராமர் அங்கே நின்றுதான் இலங்கையைப் பார்த்தாராம். நான் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியூர்த் தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்கப் பயந்து, ஸ்ரீரங்கத்திலிருந்தே காவிரித் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வடிகட்டி எடுத்து வந்திருந்தேன்.

மேலே ஏறியதும் மாமியார் கூஜாவைத் திறந்து, கல்லில் இருந்த இராமர் பாதத்தின் மேல் முழுவதையும் ஊற்றிவிட்டார்.

"அம்மா, அது குழந்தைக்கு வெச்சிருந்தது!"

"காவேரியைப் பெருமாளுக்குக் கொடுக்காம வேற யாருக்குடி கொடுக்கறது?"

சுற்றிலும் சமுத்திரத்தையே வைத்திருப்பவருக்கு என் கூஜா எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. அபசாரமோ என்று அடக்கிக்கொண்டேன். அதற்குள், தாகத்தில் சிணுங்கிய குழந்தை என் இடுப்பிலிருந்து நழுவி இறங்கி, பாதத்தில் தேங்கிய தண்ணீரை நக்கத் தொடங்கினான். ஊரே தொட்டுக் கும்பிடுகிற கல்!

"பாரும்மா, உன் பேரன் தானே தீர்த்தம் சாப்பிடறான்!" என்று என் கணவர் பூரித்துப்போனார்.

நான் அவனை வாரி எடுத்தேன். காய்ச்சல் வராவிட்டால் அது இராமர் கிருபை; வந்தால், நான் தண்ணீரைச் சரியாகக் கொதிக்கவைக்கவில்லை.